மோந்து பார்க்கக் கூடாத கறி

என் மாமனார் உயிரோடு இருந்தவரை என் சமையலை ஒரு நாளும் பாராட்டியதில்லை. செத்த பிறகுதான் அவருக்கு வருடா வருடம் விழுந்து விழுந்து சமைத்தேன். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் படையல். அவர் இலைக்கு ஆட்டிறைச்சி பெரட்டல், அவித்த முட்டை, ஒரு போத்தல் கறுப்பு பீர். பக்கத்தில் மாமியார் இலைக்கு நெத்திலி சம்பல், வெற்றிலை பாக்கு. இரண்டு பேரும் ஈப்போவுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் இப்போது செம்பனைக் காடாகிவிட்டது, லயத்து வீடுகளும் இல்லை. படையல் மட்டும் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

படையலுக்குச் சமைப்பதை ருசி பார்க்கக் கூடாது. அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டு முறை அதற்கும் ஒரு படி மேலே: மோந்தும் பார்க்கக் கூடாது. இறைச்சியைக் கழுவி மஞ்சள் தடவியாகிவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து அது செத்தவர்களுடையது. சட்டிக்கு மேலே குனிந்து மூக்கை இழுத்தால் எச்சில் பட்டதற்குச் சமம். இந்தச் சட்டத்துக்குக் காவல்காரர் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. தஞ்சோங் மாலிமில் இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் திரைச்சீலையைப் பார்ப்பார், அப்புறம் தரையைப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் நம் முகம்.

மாமியாரின் கருமாதி முடிந்த அன்று அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே படையல் ஒன் கையிலதான். அம்மாவோட பக்குவம் எனக்கு வரல, ஒனக்கு வந்துருக்கு" என்றார். அந்த மனுஷியின் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது. நான் அதை நகை மாதிரி பத்திரமாக வைத்திருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வந்த அதே காய்ச்சல்தான். எல்லாருக்கும் போன மூக்கு திரும்பி வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. நாக்கில் உப்பு தெரியும், புளிப்பு தெரியும், மிளகாய் எரியும். வாசனை என்பது சுத்தமாக இல்லை. காப்பி எனக்குக் கசப்பான சுடுதண்ணீர். கிளினிக்கில் காட்டினேன், வரும் வரும் என்றார்கள். வந்தபாடில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. சொன்னால் முதலில் பரிதாபப்படுவார்கள், அப்புறம் கரண்டியைப் பிடுங்குவார்கள். எனக்குப் பரிதாபமும் பிடிக்காது, கரண்டியை விடுவதும் பிடிக்காது. வெங்காயம் நிறம் மாறுவதைப் பார்த்தும், எண்ணெய் பிரிவதைப் பார்த்தும், சட்டி போடும் சத்தத்தைக் கேட்டுமே இரண்டு வருடம் ஓட்டினேன். சாப்பிட்டவர்கள் தட்டை வழித்துத்தான் சாப்பிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், வருடத்தில் எனக்கு நிம்மதியான சமையல் நாள் படையல் நாள்தான். அன்றைக்கு யாருக்குமே மூக்கு கிடையாது.

போன தீபாவளிக்கு அந்த நிம்மதிக்கும் வேட்டு வைத்தார் என் வீட்டுக்காரர்.

போன வருடம் படையல் எங்களுக்கு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. நாத்தனாரின் மகள் முழுகாமல் இருந்தாள். அவளுக்கு இதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போய்விட்டது. இரண்டாவது தடவை நானும் போய் மருத்துவமனையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் என் பக்கம் திரும்பவே இல்லை. இந்தத் தடவை ஆறாவது மாதம் தொட்டுவிட்டது. எங்கள் வீட்டு வழக்கப்படி படையல் இலையிலிருந்து எடுக்கும் முதல் பிடி வீட்டில் இருக்கும் கர்ப்பிணிக்கு. நாத்தனார் போனில் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்பா இலையில உள்ள கறிய மொதப் பிடி என் கையால அவளுக்கு ஊட்டணும். இந்த வாட்டியாச்சும் தங்கணும்லா." அதட்டிப் பேசியே பழகிய குரல் அந்த இடத்தில் மட்டும் உடைந்துவிடும்.

படையலுக்கு முதல் நாள் காலையிலேயே பாசாரில் ஆட்டிறைச்சி வாங்கி, கழுவி, மஞ்சள் தடவி ஐஸ்பெட்டியின் கீழ்த் தட்டில் வைத்துவிட்டேன். பிறகு நானும் என் வீட்டுக்காரரும் தோட்டத்துப் பழைய சுடுகாட்டுக்குப் போய் மாமனார் மாமியார் சமாதியில் புல் வெட்டிச் சுத்தம் செய்தோம். அங்கே இருக்கும்போதே இடியும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. சேறும் சகதியுமாக வீடு திரும்பினோம். நான் வெளிக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் முதலில் உள்ளே போனார். நான் போனபோது விளக்கு எரிந்தது, மின்விசிறி ஓடியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். நாத்தனாரும் மகளும் தேத்தண்ணி நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வாசலிலேயே நாத்தனார், "வாசம் வெளிய வரைக்கும் தூக்குது" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டே பெரட்டலைக் கிளறினேன். தண்ணீர் வற்றி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, கறி கறுத்துப் பளபளவென்று வந்திருந்தது. பார்க்க அவ்வளவு அழகு.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் சமையலறைக்குள் வந்தார். மேசையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தபடி, "ராத்திரிக்கு எல்லா லைட்டையும் ஒண்ணா போடாத. நேத்து மாதிரி மறுபடியும் டிரிப் ஆவப் போவுது" என்றார்.

"நேத்து மாதிரின்னா?"

"நேத்து தோட்டத்துலருந்து வந்தப்ப மெயின் சுவிட்ச் டிரிப் ஆயிருந்துச்சுல. இடி விழுந்துருக்கும். தட்டி விட்டேன்."

"அத ஏங்க அப்பவே சொல்லல?"

"அதான் கரண்ட் வந்துருச்சுல்ல? சொல்லி என்னா ஆவப் போவுது?"

முறுக்கோடு போய்விட்டார். ஐஸ்பெட்டியைத் திறந்து ஐஸ் கட்டும் மேல் தட்டைப் பார்த்தேன். இறால் பொட்டலத்திலிருந்து வழிந்த தண்ணீர் தட்டோடு சேர்ந்து மறுபடி கட்டியாக உறைந்திருந்தது. மேலேயே இப்படி உருகியிருந்தால் கீழ்த் தட்டு என்ன பாடு பட்டிருக்கும்! எவ்வளவு நேரம் நின்றிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் கிளம்பின கையோடு இடி விழுந்ததா, திரும்பும் சமயத்தில் விழுந்ததா? மத்தியானம் இறைச்சியை எடுத்தபோது கொஞ்சம் வழவழப்பாக இருந்ததோ? ஆமாம் என்று தோன்றியது. மஞ்சள் தடவினால் அப்படித்தான் இருக்கும் என்றும் தோன்றியது.

மூக்குள்ள எந்தப் பொம்பளையும் பொட்டலத்தைப் பிரித்த உடனே கண்டுபிடித்திருப்பாள். நான் சட்டிக்கு மேலே குனிந்தேன். முறையாவது ஒன்றாவது. மூச்சை இழுத்தேன், மறுபடி இழுத்தேன். முகத்தில் ஆவி அடித்தது, கண் எரிந்தது, அவ்வளவுதான். வந்தவர்கள் வாசம் தூக்குது என்கிறார்களே, அதை நம்பலாமா? அவர்கள் மூக்குக்குப் போனது வெங்காயமும் பட்டையும் சோம்பும். அவ்வளவு மசாலா போட்டால் அடியில் என்ன இருக்கிறது என்று தூரத்திலிருந்து எவனுக்குத் தெரியும்?

ஒரு துண்டை எடுத்துக் கழுவிப் பின்பக்கம் திரியும் பூனைக்குப் போட்டேன். சனியன், மோந்து பார்த்தது, என்னைப் பார்த்தது, திரும்பி நடந்துவிட்டது. மிளகாய்க்குப் பயந்து போனதா, கெட்ட இறைச்சி என்று போனதா? பூனையிடம் கேட்க முடியுமா! தின்றிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் உயிர் வந்திருக்கும்.

இறைச்சிக் கடையெல்லாம் அந்நேரம் மூடியிருக்கும். இனிப் புதிதாக வாங்கிச் சமைக்க வழியில்லை. பெரட்டல் இல்லாமல் படையல் போடலாம், ஆனால் ஏன் இல்லை என்று நாத்தனார் கேட்பார். கெட்டுப்போச்சு என்றால், மஞ்சள் தடவுமுன் பார்க்கவில்லையா, அடுப்பில் ஏற்றும்போது தெரியவில்லையா என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னிடம் பொய் இல்லை. இருப்பது ஒரே ஒரு உண்மை. அதைச் சொன்னால் என் படையல் போய்விடும்.

சட்டியைக் கை தவறிப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். யாருக்கும் நடப்பதுதானே. துணியால் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கிவிட்டேன். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் தரையில் கிடந்திருக்கும்.

"ஏம்மா, இத்தாப் பெரிய சட்டிய தனியாவா தூக்குற? இரு, நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்." நாத்தனார் ஓடி வந்து ஒரு காதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நான் கீழே போட நினைத்த கறியை ஊர்வலம் மாதிரி எடுத்துப் போகிறோம்.

இலை போட்டார்கள். மாமனார் மாமியார் படத்துக்கு மாலை, முன்னால் விளக்கு. நாத்தனார் தன் கையாலேயே பெரட்டலை அள்ளி வைத்தார், நல்ல சதைத் துண்டாகப் பார்த்துப் பார்த்து. சாம்பிராணி போட்டுக் கும்பிட்டோம். மகளை முன்னால் நிறுத்தி விபூதி பூசிவிட்டு, "அப்பா, ஒங்க பேத்திதான். பாத்துக்குங்க" என்றார். அதைச் சொல்லும்போது கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. அந்தப் பெண் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கும்பிட்டு முடிந்ததும் எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். செத்தவர்கள் வந்து சாப்பிடும்வரை கதவைச் சாத்தி வைப்பார்கள். பிறகு மூன்று தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போகலாம். என் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார். கார் நிறுத்தும் இடத்தில் நாங்கள் நாலு பேரும் நின்றோம். இன்னும் முழுசாக இருட்டவில்லை. எதிர் வீட்டுப் பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். நாத்தனாரின் மகள், "அத்தை, எனக்கு பசி உயிர் போவுது. நீங்க செஞ்ச பெரட்டலுக்காகவே காலையிலருந்து ஒழுங்கா சாப்புடல" என்று என் தோளில் சாய்ந்தாள்.

அவ்வளவுதான், என்னால் முடியவில்லை.

"அண்ணி, அந்தப் பெரட்டல அவளுக்கு ஊட்டாதீங்க" என்றேன்.

நாத்தனார் திரும்பினார். "என்ன பேச்சு இது, நல்ல நாளும் அதுவுமா?"

"நேத்து கரண்ட் இல்லாம ஐஸ்பெட்டி நின்னு போயிருந்துருக்கு. எவ்வளவு நேரம்னு தெரியல. எறைச்சி கெட்டுருக்கலாம்."

"கெட்டுருந்தா ஒனக்குத் தெரியாமலா இருக்கும்? இத்தன வருசமா சமைக்கிற."

"தெரியாது அண்ணி. எனக்கு மூக்கு போச்சு. காய்ச்சல் வந்ததுலருந்து வாசனையே கெடையாது. ரெண்டு வருசமாச்சு."

முதலில் வாயைத் திறந்தது என் வீட்டுக்காரர். "அப்ப நான் புதுசா வாங்குன செண்ட் நல்லாருக்குன்னு சொன்னியே?" அந்த நேரத்தில் அந்த மனிதருக்கு அந்தக் கவலை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நாத்தனார் என் முகத்தை அளப்பது மாதிரி பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் நடந்தார். "அக்கா, தட்டாம போவக் கூடாது" என்று இவர் சொல்லச் சொல்லக் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனார். நாங்கள் பின்னாலேயே போய் வாசலில் நின்றோம். முட்டி வலிக்காரர், தரையில் உட்காரவே மாட்டார். அன்றைக்குப் படையலுக்கு முன்னால் இரண்டு முட்டியையும் ஊன்றிக் குனிந்து, தன் அப்பாவின் இலையில் இருந்த கறிக்கு நேரே மூக்கை வைத்தார். ஒரு துண்டை எடுத்துப் பிய்த்து, பிய்த்த இடத்தையும் மோந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர், "பாத்தியா, சும்மா கெடந்து பயமுறுத்திட்ட" என்றார். நாத்தனார் சோற்றையும் கறியையும் சேர்த்து ஒரு பிடி பிசைந்து, "வாம்மா" என்று மகளைக் கூப்பிட்டார். அவள் அம்மா முன்னால் போய்க் குனிந்து வாயைத் திறந்தாள். கை மேலே வந்தது. அவள் வாய்க்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. நாத்தனார் கையைப் பார்த்தார், மகளின் வயிற்றைப் பார்த்தார். பிறகு அந்தப் பிடியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

மென்று விழுங்கிவிட்டு, மாமியார் இலையிலிருந்து வெறும் சோறும் நெய்யுருண்டையும் எடுத்து மகளுக்கு ஊட்டினார். அன்றைக்கு அம்மாவும் மகளும் சாம்பாரும் முட்டையும் சம்பலும் போட்டுச் சாப்பிட்டார்கள். பெரட்டலை அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் தொடவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் விறைப்பாக முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நானும் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

தீபாவளி காலையில் எல்லாரும் நன்றாகவே இருந்தோம். நாத்தனார் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேரே சமையலறைக்கு வந்து, பெரட்டலைச் சுட வைத்து, தோசையோடு மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் ரசித்துச் சாப்பிட்டாள். கறி முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எதுவும் ஆகியிருக்காது. அடுப்பைத் துடைத்துக்கொண்டே அதைத்தான் நினைத்தேன், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாத்தனார் என் பக்கத்தில் வந்து நின்றார். "அடுத்த வருசத்துலருந்து படையல எங்க வீட்டுல வச்சிக்கிறேன். நீ கெடந்து கஷ்டப்பட வேணாம்."

"எனக்கு என்னா கஷ்டம்? கையி நல்லாத்தானே இருக்கு?"

"கையி நல்லா இருக்கு. நான் இல்லன்னா சொன்னேன்?" என் முதுகில் கையை வைத்தார். "நேத்து நீ சொல்லாம இருந்துருந்தா நான் ஊட்டிருப்பேன். அத நெனச்சா எனக்கு ஒடம்பு நடுங்குது. நீ சொன்னதுக்கு ஒனக்குக் கோடி புண்ணியம். ஆனா இனிமே என்னால முடியாதும்மா."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சண்டை போட எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்பாகச் சொல்லிவிட்டார், நான் என்ன செய்வது? "சரிங்கண்ணி" என்றேன். அவர்கள் கார் கிளம்பிப் போனதும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். மறுபடியும் அதே வாசலில் அதே பெண் என் தோளில் சாய்ந்தால் மறுபடியும் சொல்லத்தான் செய்வேன். சொல்லிவிட்டு மறுபடியும் அழுவேன்.

இந்த வருடம் படையலுக்கு நாங்கள் தஞ்சோங் மாலிம் போனோம். சமையலறைப் பக்கம் போனேன், "நீ உக்காரும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவைச் சாத்தினார்கள், தட்டினார்கள், சாப்பிட்டோம். நாத்தனார் செய்த பெரட்டலில் உப்பு தூக்கலாக இருந்தது. வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு அந்தப் பெண் தன் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். பெண் குழந்தை. தலை நிறைய முடி. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதன் உச்சியில் மூக்கை வைத்து மெல்ல இழுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. மறுபடியும் மூக்கை வைத்தேன், இன்னும் பலமாக இழுத்தேன்.

நாத்தனார் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குழந்தையின் தலையில் தானும் மூக்கை வைத்தார்.

"பால் வாசம்" என்றார் என்னிடம். "கொஞ்சம் வசம்பு. காலையில தேச்ச எண்ண இன்னும் போவல. காதுக்குப் பின்னால லேசா புளிச்ச வாட, அங்க சரியா தொடைக்கல போல."